ஆடியோபுக் வாசிக்கிறவங்க உண்மையில என்னதான் வேலை பார்க்குறாங்க?

ஆடியோபுக் கேக்குற பழக்கம் நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு வந்தாச்சு, பஸ்ல போகும்போது, சமைக்கும்போது, ராத்திரி தூக்கம் வராதப்போன்னு காதுல ஏதாவது ஒரு கதை ஓடிக்கிட்டே இருக்கு. ஆனா அதை வாசிச்சவரைப் பத்திக் கேட்டா பெரும்பாலும் ஒரே பதில்தான், "வாய்ஸ் நல்லா கணீர்னு இருக்குங்க". நல்ல குரல் இருக்குற ஒருத்தர் மைக் முன்னாடி உக்காந்து புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்துலேர்ந்து கடைசி பக்கம் வரைக்கும் படிச்சா முடிஞ்சதுன்னு நினைச்சுக்கிறோம். என்னைக் கேட்டா இந்த வேலையில குரலுக்கு இருக்குற பங்கு ரொம்பக் கம்மி. ஒரு வாக்கியம் அந்த இடத்துல எதுக்கு இருக்குன்னு புரிஞ்சுக்கணும், அந்தப் புரிதலைப் பத்து மணி நேரம் தளர விடாம கேக்குறவங்க காதுக்குக் கொண்டுபோய் சேர்க்கணும், நேரேட்டரோட வேலை இதுதான். இதைப் பத்தி முன்னாடி எதுவுமே தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி சொல்லிப் பார்க்குறேன்.

முதல்ல ஆடியோபுக்னா எதுன்னு தெளிவு பண்ணிக்கலாம். எழுதி வெளிவந்த ஒரு புத்தகத்தை வார்த்தை மாறாம வாசிச்சுப் பதிவு பண்ணது ஆடியோபுக். வாசிக்கிறவருக்கு நேரேட்டர்னு பேரு, தமிழ்ல வாசிப்பாளர்னும் சொல்றாங்க, கதைசொல்லின்னும் சொல்றாங்க. ரேடியோ நாடகம் வேற, அதுக்குன்னே வசனம் எழுதி, ஆளுக்கொரு பாத்திரமா நடிச்சு, பின்னாடி மியூசிக், குதிரைக் குளம்புச் சத்தம் எல்லாம் வச்சு செய்யுறது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வகையும் இருக்கு, பொன்னியின் செல்வனைப் பாம்பே கண்ணன் நிறைய கலைஞர்களை வச்சு ஒலி வடிவத்துல கொண்டுவந்தாரே, அந்த மாதிரி. ஆங்கிலத்துல இதோட உச்சம்னா 2017ல வந்த லிங்கன் இன் தி பார்டோங்கிற நாவல், அதோட ஆடியோபுக்ல 166 பேர் குரல் கொடுத்திருக்காங்க. ஆனா உலகத்துல வர்ற ஆடியோபுக்ல பெரும்பங்கு இன்னும் ஒத்தை ஆள் தனியா உக்காந்து வாசிக்கிறதுதான், நான் பேசப்போறதும் அவங்களைப் பத்திதான்.

இந்த வேலை பொழுதுபோக்குக்காகப் பொறந்தது இல்ல. முதல் உலகப்போர்ல பார்வை இழந்து திரும்புன சிப்பாய்ங்க, வயசான காலத்துல கண்ணு போனவங்க, இவங்கள்ல பல பேருக்கு பிரெய்ல் கத்துக்கிறது முடியாத காரியமா இருந்துச்சு, அதுக்கு விரல் நுனி பழகணும், அது எல்லாருக்கும் வந்துடாது. அப்போ இவங்க எப்படிப் படிக்கிறது? அமெரிக்காவுல 1931ல ஒரு சட்டம் போட்டு, பார்வையில்லாத பெரியவங்களுக்குப் புத்தகம் கொடுக்குற பொறுப்பை அந்த நாட்டோட பெரிய அரசு நூலகமான லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் கையில கொடுத்தாங்க, 1934ல பேசும் புத்தகங்கள் இசைத்தட்டுல வர ஆரம்பிச்சது. அடுத்த வருஷம், 1935ல, பிரிட்டன்லயும் ஆரம்பிச்சாங்க, அங்க முதல்ல வந்த தலைப்புகள்ல அகதா கிறிஸ்டியோட துப்பறியும் நாவல் ஒண்ணு, ஜோசப் கான்ராடோட கடல் கதை ஒண்ணு.

அமெரிக்கத் தட்டுல ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம்தான் பிடிக்கும். ஒரு நாவல்னா ஒரு கட்டுத் தட்டு, தபால்ல வீட்டுக்கு வரும். வாசிக்கிறவரு நிலைமையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க, அப்போ டேப் கிடையாது, வெட்டி ஒட்டுறது கிடையாது, குரல் நேரா தட்டுல பதிவாகும், பதிமூணாவது நிமிஷத்துல நாக்கு தடுமாறினா அந்தப் பக்கம் முழுசும் போச்சு, திரும்ப முதல்லேர்ந்து. அந்தக் காலத்து வாசிப்புல ஒரு நிதானம், ஒரு கவனம் தெரியுறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும்.

இன்னைக்கு வரைக்கும் தீராத ஒரு கேள்வியும் அப்பவே ஆரம்பிச்சிருச்சு, வாசிக்கிறவரு எவ்வளவு நடிக்கலாம்? கேட்டவங்கள்ல ஒரு பங்கு பேரு, எங்களுக்கு நாடகம் வேணாம், நாங்க புத்தகம் படிக்க ஆசைப்படுறோம், வார்த்தையைத் தெளிவா கொடுங்க, உணர்ச்சியை நாங்களே எடுத்துக்குறோம்னு நின்னாங்க. இன்னொரு பங்கு, சப்புனு வாசிச்சா தூக்கம் வருது, கொஞ்சம் உயிர் கொடுங்கன்னாங்க. இதுக்கு நடுவுல ஒரு பாதை போட்டுக் காட்டுனவர்னு அலெக்ஸாண்டர் ஸ்கோர்பியைச் சொல்லுவேன். ப்ரூக்ளின்ல பொறந்த மேடை நடிகர், ஷேக்ஸ்பியர் எல்லாம் நடிச்சவரு, 1930கள்லேர்ந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் ஃபார் தி பிளைண்ட்ங்கிற பார்வையற்றோர் அமைப்புக்காக 400க்கும் மேல புத்தகம் வாசிச்சாரு, முழு பைபிளும் அதுல ஒண்ணு. அவர் பதிவைக் கேட்டா ஒண்ணு புரியும், அவரு நடிக்கிறாருன்னு நமக்கு உறைக்கவே உறைக்காது, ஆனா யாரு பேசுறாங்க, எந்த மனநிலையில பேசுறாங்கன்னு ஒரு நொடிகூட சந்தேகம் வராது.

அதுக்கப்புறம் வந்ததை வேகமா சொல்லிடுறேன். 1952ல நியூயார்க்ல ரெண்டு இளம் பெண்கள் சேர்ந்து காட்மன் ரெக்கார்ட்ஸ் ஆரம்பிச்சு, டிலன் தாமஸ் மாதிரி கவிஞர்களோட சொந்தக் குரலை வித்தாங்க. 1975ல கலிஃபோர்னியாவுல டுவால் ஹெக்ட்ங்கிறவர், கார்ல தினமும் வேலைக்குப் போய் வர்ற நேரம் வீணாகுதேன்னு புக்ஸ் ஆன் டேப் ஆரம்பிச்சாரு, கேசட்ல முழு நாவல். 1995ல ஆடிபிள்ங்கிற ஆடியோபுக் நிறுவனம் வந்துச்சு, 2008ல அதை 30 கோடி டாலருக்கு அமேசான் வாங்குச்சு. 2011ல ஏசிஎக்ஸ்னு ஒரு இணையச் சந்தை திறந்தாங்க, எழுத்தாளரும் வாசிப்பாளரும் நேரா ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுக்கலாம், வீட்டு அலமாரிக்குள்ள மைக் வச்சிருக்குறவரும் வாசிப்பாளர் ஆகலாம்னு ஆச்சு. இப்போ இருக்குற நேரேட்டர்ல பெரும்பாலானவங்க வீட்டுலேர்ந்து வேலை பார்க்குறவங்கதான்.

சரி, ஒரு புத்தகம் கைக்கு வந்தா என்ன செய்வாங்க? மைக்கைத் தொடவே மாட்டாங்க. முதல்ல முழுசா ஒரு தடவை மனசுக்குள்ள படிப்பாங்க. இதுக்கு ப்ரெப்னு பேரு, என் கண்ணுக்கு மொத்த வேலையிலயும் முக்கியமான கட்டம் இது, ஆனா கேக்குறவங்களுக்குத் தெரியவே தெரியாத கட்டமும் இதுதான். ஏன் முழுசா படிக்கணும்னா, நாவல்ல ஒரு பாத்திரத்துக்கு லேசா திக்குவாய்னு ஆசிரியர் முப்பதாவது அத்தியாயத்துல சொல்லியிருப்பாரு. அதுக்குள்ள நீங்க இருபத்தொன்பது அத்தியாயம் அவரைச் சரளமா பேச வச்சு முடிச்சிருப்பீங்க, இனி அத்தனையும் திரும்ப வாசிக்கணும். துப்பறியும் கதையில இன்னும் மோசம், கொலைகாரன் யாருன்னு தெரியாம வாசிச்சா அவன் வசனத்துல வைக்க வேண்டிய எடையைத் தப்பான இடத்துல வச்சிருவீங்க, தெரிஞ்சு வாசிச்சா தெரிஞ்சதைக் காட்டிக்கொடுக்காமயும் வாசிக்கணும்.

தமிழ் எழுத்துநடையில வசனம் முதல்ல வரும், "என்றாள் கோபமாக"ங்கிறது பின்னாடிதான் வரும். முன்கூட்டியே படிக்காதவரு அந்த வசனத்தைச் சாந்தமா சொல்லி முடிச்சுட்டு அப்புறம் கோபமாகன்னு வாசிப்பாரு, கேக்குறவங்களுக்கு உடனே உறுத்தும். நம்ம சரித்திர நாவல்கள்ல ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும், போய், பார்த்து, நின்று, திகைத்துன்னு எச்சம் எச்சமா போய்க்கிட்டே இருக்கும், வினைமுற்று கடைசியிலதான் வரும், அது வர்ற வரைக்கும் குரலைக் கீழ இறக்காம நிறுத்தி வைக்கணும், நடுவுல இறக்கிட்டா வாக்கியம் முடிஞ்சதுன்னு காது நினைச்சுக்கும், அப்புறம் வர்றது ஒட்டாது. மூச்சை எங்க எடுக்கலாம்னு பென்சிலால கோடு போட்டு வச்சுக்கிறவங்க இருக்காங்க.

உச்சரிப்புப் பட்டியல்னு ஒண்ணும் தயார் பண்ணணும். ஊர்ப் பேரு, ஆளு பேரு, வெளிநாட்டு வார்த்தை, மருந்துப் பேரு, எல்லாம் எழுதி வச்சு ஆசிரியர்கிட்டயோ அந்த ஊர்க்காரங்ககிட்டயோ கேட்டுச் சரி பண்ணிக்கணும். தமிழ் வாசிப்பாளருக்கு இதுல ஒரு கூடுதல் பாரம், நம்ம எழுத்துல க, த, ப எல்லாம் ஒரே வடிவத்துல நின்னு வேற வேற ஒலி கொடுக்கும். பாவம்னு எழுதியிருக்கு, அது "அய்யோ பாவம்"ல வர்ற பாவமா, நடனத்துல முகத்துல காட்டுற பாவமா? குணா, தீபா, பாலுன்னு பேரு வந்தா எப்படிச் சொல்றது? கண்ணால படிக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்ல, வாயால படிக்கிறவரு ஒண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். 1947னு எண்ல இருந்தா நாற்பத்தேழுன்னு எழுத்து மாதிரி சொல்றதா நாப்பத்தேழுன்னு பேச்சு மாதிரி சொல்றதா, கி.மு.ங்கிறதை அப்படியே சொல்றதா விரிச்சுச் சொல்றதா, இப்படிச் சின்னச் சின்ன முடிவு நூத்துக்கணக்குல எடுக்கணும், எடுத்ததைக் கடைசி வரைக்கும் மாத்தாமயும் இருக்கணும். ழகர ளகரம் சுத்தமா வரணும்கிறதெல்லாம் சொல்லவே வேணாம்.

அடுத்து பதிவு. பூத்னு சொல்றது பெரிய ஸ்டூடியோவா இருக்கணும்னு இல்ல, சத்தம் உள்ள வராத, உள்ள பேசுனா எதிரொலிக்காத ஒரு சின்ன இடம் போதும், துணி நிறைஞ்ச அலமாரிக்குள்ள உக்காந்து ஆரம்பிச்ச பிரபல வாசிப்பாளர்கள் உண்டு. ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. நம்ம ஊர் மே மாசத்துல இதோட அர்த்தம் என்னன்னு உங்களுக்கே தெரியும். தெருவுல பைக், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், காக்கா, எல்லாமே மைக்குக்குக் கேக்கும், அதனால விடிகாலையிலயோ ராத்திரி பத்துக்கு மேலயோ பதிவு பண்றவங்க நிறைய. பேப்பர் புரட்டுற சத்தம் விழும்னு டேப்லட்ல வச்சுத்தான் படிக்கிறாங்க. சரசரக்குற துணி போட மாட்டாங்க. வயிறு காலியா இருந்தா உறுமும், அது மைக்ல அழகா பதிவாகும், சிலர் வயித்து மேல ஒரு தலையணையை அமுக்கி வச்சுக்கிட்டு வாசிப்பாங்க. வாய் காஞ்சா நாக்குல டிக் டிக்னு ஒரு சத்தம் வரும், மவுத் க்ளிக்னு சொல்வாங்க, அதுக்குப் பச்சை ஆப்பிள் ஒரு கடி கடிச்சுக்கிறது இந்தத் தொழில்ல பழைய கைவைத்தியம், தண்ணியும் பதிவுக்கு உக்காந்த பிறகு குடிச்சாப் போதாது, அன்னைக்குக் காலையிலேர்ந்தே குடிச்சுக்கிட்டு இருக்கணும்.

தப்பு வந்தா என்ன பண்றது? வராம இருக்காது, எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் வரும். பழைய முறையில, தப்பு வந்த இடத்துல கையைத் தட்டிட்டு வாக்கியத்தைத் திரும்ப வாசிப்பாங்க, தட்டுன சத்தம் கம்ப்யூட்டர் திரையில ஒரு முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், எடிட்டர் அதைப் பார்த்து வெட்டுவாரு. இப்போ பஞ்ச் அண்ட் ரோல்னு ஒரு முறை அதிகம். தடுமாறின உடனே நிறுத்தி, தப்புக்கு முன்னாடி இருக்குற இடத்துல கர்சரை வச்சா, அதுக்கு முந்தைய சில வினாடி உங்க காதுக்கே ஓடும், நீங்க உங்க குரலோட வேகத்தையும் ராகத்தையும் கேட்டுக்கிட்டே வந்து சரியான இடத்துல உள்ள நுழையணும், அங்கேர்ந்து புதுப் பதிவு பழசு மேல ஏறும். நல்லா பழகினவங்க செஞ்சா ஒட்டு எங்கன்னு அவங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

முடிச்ச பிறகு ப்ரூஃப் கேக்குறவர் ஒருத்தர் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொரு வார்த்தையா ஒப்பிட்டுக் கேப்பாரு. விட்டுப்போன வார்த்தை, மாத்திச் சொன்ன பேரு, பின்னாடி கேட்ட நாய்க்குரைப்பு எல்லாத்தையும் குறிச்சு அனுப்புவாரு, அதைத் திரும்ப வாசிக்கிறதுக்குப் பிக்கப்னு பேரு. கேக்க சுலபமா இருக்கும், ஆனா மூணு வாரம் கழிச்சு, வேற ஒரு நாள்ல, ஒத்தை வாக்கியத்தை அதே குரல்ல சொல்லணும். காலையில எழுந்த உடனே குரல் கனமா இருக்கும், சாயந்தரம் லேசாயிடும், அதனால மைக்குக்கும் வாய்க்கும் இருந்த தூரம், பதிவு பண்ண நேரம் எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்குவாங்க. அப்புறம் மாஸ்டரிங், அதாவது சத்த அளவை ஒரே சீரா கொண்டுவர்றது. ஏசிஎக்ஸ் கேக்குறது என்னன்னா (பதிவு தாங்குற உச்ச அளவைப் பூஜ்யம்னு வச்சு அதுக்குக் கீழ எண்ணுறதாலதான் மைனஸ்) சராசரி அளவு மைனஸ் 23லேர்ந்து மைனஸ் 18 டெசிபலுக்குள்ள இருக்கணும், உச்சம் மைனஸ் 3ஐத் தாண்டக்கூடாது, யாரும் பேசாத இடத்துல இருக்குற இரைச்சல் மைனஸ் 60க்குக் கீழ. இந்தக் கடைசி நிபந்தனையிலதான் புதுசா வர்றவங்க பல பேரு மாட்டுவாங்க, நம்ம காதுக்கு அமைதியா தெரியுற ரூம்ல ஃப்ரிட்ஜ் ஓடுற சத்தம் இருக்கும்.

நேரக் கணக்கு பார்க்கலாம். ஆங்கிலத்துல ஒரு மணி நேர ஆடியோவுக்குச் சுமாரா 9,300 வார்த்தைன்னு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, அப்போ 93,000 வார்த்தை நாவல் பத்து மணி நேரம் ஓடும். அந்த ஒரு மணி நேரத்தை வாசிச்சு எடுக்கவே ரெண்டு மணி நேரம் ஆகும், எடிட், ப்ரூஃப், மாஸ்டரிங் எல்லாம் சேர்த்தா ஆறு மணி நேரம் வரைக்கும் போகும். பத்து மணி நேரப் புத்தகத்துக்கு அறுபது மணி நேரம், முன்கூட்டிப் படிக்கிறதைச் சேர்க்காம. நாம ஒரு வாரத்துல கேட்டு முடிச்சு அஞ்சுக்கு மூணு ஸ்டார் போடுறது இந்த உழைப்புக்குத்தான்.

இப்போ எல்லாரும் ஆசையா கேக்குற விஷயம், பாத்திரக் குரல்கள். ஹாரி பாட்டர் வரிசையை அமெரிக்காவுக்காக வாசிச்ச ஜிம் டேல் அஞ்சாவது புத்தகத்துல மட்டும் 134 பாத்திரத்துக்குத் தனித்தனிக் குரல் கொடுத்து கின்னஸ்ல இடம்பிடிச்சாரு. பிரிட்டனுக்கு வாசிச்சது ஸ்டீபன் ஃப்ரை, ஒரே கதைக்கு ரெண்டு பேர் வாசிப்பையும் ஒரு அத்தியாயம் அடுத்தடுத்து கேட்டுப் பாருங்க, வார்த்தை அதேதான், ஆனா ரெண்டு வேற அனுபவம், ஒரு நேரேட்டர் புத்தகத்துக்கு என்ன செய்யுறார்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியல. பிறகு ஒரு நாவல் வரிசையோட முதல் புத்தகமான கேம் ஆஃப் த்ரோன்ஸுக்கு 224 குரல்னு ராய் டோட்ரிஸ் அந்தச் சாதனையைத் தாண்டினாரு.

அதே டோட்ரிஸ் விஷயத்துல இன்னொரு பாடமும் இருக்கு. அந்த வரிசையோட நாலாவது புத்தகத்தை முதல்ல அவர் வாசிக்க முடியாம போய் ஜான் லீ வாசிச்சாரு, அஞ்சாவதுக்கு டோட்ரிஸ் திரும்ப வந்தப்போ அவருக்கு வயசு 88, சில முக்கியமான பாத்திரங்களோட குரலும் உச்சரிப்பும் முன்னாடி இருந்த மாதிரி இல்லாம மாறியிருந்துச்சு. ரசிகர்கள் விடல, ரொம்ப வருத்தப்பட்டாங்க. எனக்கு அந்த வருத்தம் நியாயமாவே படுது, ஏன்னா முன்னாடி பல வருஷமா அந்தப் பாத்திரம்னா அந்தக் குரல்தான்னு மனசுல பதிஞ்சு போயிருக்கு, அதே சமயம் இத்தனை வருஷ இடைவெளியில அத்தனை குரலையும் காப்பாத்துறது எவ்வளவு கஷ்டம்னும் புரியுது. அதனாலதான் வரிசைப் புத்தகம் வாசிக்கிறவங்க ஒவ்வொரு பாத்திரத்தோட குரலையும் ஒரு சின்ன மாதிரிப் பதிவா எடுத்துப் பேரு போட்டுச் சேமிச்சு வைக்கிறாங்க.

ஆம்பளை வாசிப்பாளர் பொம்பளைப் பாத்திரத்துக்குக் கீச்சுக் குரல் போடுறது, பொம்பளை வாசிப்பாளர் ஆம்பளைக்குத் தொண்டையைக் கரகரன்னு ஆக்குறது, இது புதுசா வர்றவங்க முதல்ல செய்யுற காரியம். அனுபவப்பட்டவங்க சுருதியை மாத்துறது ரொம்பக் கம்மி. ஒருத்தி அவசரக்காரியா, வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவாங்க. ஒருத்தர் எதையும் யோசிச்சுப் பேசுறவரா, வார்த்தைக்கு நடுவுல ஒரு இடைவெளி விடுவாங்க. அவ்வளவுதான், காது மிச்சத்தைத் தானா புரிஞ்சுக்கும். வட்டார வழக்குக்கும் இது பொருந்தும். நெல்லைக்காரரையோ கோயம்புத்தூர்க்காரரையோ யாழ்ப்பாணத்துக்காரரையோ பேச வைக்கணும்னா சினிமா காமெடி அளவுக்கு இழுக்க வேண்டியதில்ல, அந்த ஊர்க்காரங்க பேசுறதைக் காது கொடுத்துக் கேட்டு, அதோட ஏத்த இறக்கத்தைக் கொஞ்சமா தொட்டாப் போதும். அது தெரியலன்னா அந்தப் புத்தகத்தை ஒத்துக்காம தெரிஞ்சவருக்கு விட்டுக்கொடுக்கிறதுதான் மரியாதை. ஒரு ஊரோட பேச்சைக் கேலி மாதிரி வாசிச்சு வச்சா அந்த ஊர்க்காரங்க மனசு எப்படி இருக்கும்?

கதை இல்லாத புத்தகங்கள் சுலபம்னு நினைக்காதீங்க. அடிக்குறிப்பை எங்க வாசிக்கிறது, அட்டவணையை எப்படிச் சொல்றதுன்னு ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு கேள்வி வரும். சுயசரிதைகளை எழுதினவங்களே வாசிக்கிறதும் உண்டு, ஒபாமா தன்னோட புத்தகத்தைத் தானே வாசிச்சு 2006ல கிராமி விருதே வாங்கினாரு.

சம்பளம் எப்படின்னா, அமெரிக்காவுல முடிஞ்ச ஆடியோவோட நேரத்துக்குத்தான் காசு, ஃபினிஷ்ட் அவர்னு சொல்வாங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்க ஆறு மணி நேரம் உழைச்சீங்களா எட்டு மணி நேரம் உழைச்சீங்களாங்கிறது கணக்குல வராது. இன்னொரு வழி ராயல்டி ஷேர், முன்பணம் எதுவும் இல்ல, வித்தா எழுத்தாளரும் வாசிப்பாளரும் பாதி பாதி பங்கு போட்டுக்கணும். புத்தகம் விக்கலன்னா அறுபது மணி நேரமும் தண்ணியில கரைச்ச மாதிரிதான். புதுசா வர்றவங்களுக்கு இந்த ரெண்டாவது வழிதான் முதல்ல கிடைக்கும், யோசிச்சு ஒத்துக்கணும்.

இது பெரும்பாலும் ஃப்ரீலான்ஸ் வேலை, மாசச் சம்பளமோ பாதுகாப்போ கிடையாது. இதுல ஃப்ராங்க் முல்லர் கதையைச் சொல்லாம போக முடியல. ரெக்கார்டட் புக்ஸ் நிறுவனத்தோட ஆரம்பகாலத்துலேர்ந்து வாசிச்சவரு, பல பேரு அந்தத் தலைமுறையிலேயே மேலானவர்னு சொல்ற குரல். 2001 நவம்பர்ல பைக் விபத்து, மூளையில பலத்த அடி, அதுக்கப்புறம் அவரால வாசிக்க முடியல. 2002 பிப்ரவரியில ஸ்டீபன் கிங், ஜான் கிரிஷம், பீட்டர் ஸ்ட்ராப், பாட் கான்ராய்னு நாலு பெரிய எழுத்தாளர்கள் நியூயார்க்ல ஒரு மேடையில சேர்ந்து வாசிச்சு அவருக்காக நிதி திரட்டினாங்க. இத்தனை வருஷம் எழுத்தாளர்களோட எழுத்தை அவர் வாசிச்சாரு, அன்னைக்கு எழுத்தாளர்கள் அவருக்காக வாசிச்சாங்க. முல்லர் 2008ல காலமானாரு. ஃப்ரீலான்ஸ் கலைஞர்கள் இப்படி விழுந்தா தாங்கிப் பிடிக்க ஒரு அறக்கட்டளையை ஸ்டீபன் கிங் பிறகு தொடங்கினதுக்கும் இந்தச் சம்பவம்தான் தூண்டுதல்.

காசு வாங்காம வாசிக்கிற ஒரு உலகமும் இருக்கு. 2005ல மான்ட்ரியல்ல ஹியூ மெக்கையர் ஆரம்பிச்ச லிப்ரிவாக்ஸ்ல காப்புரிமை முடிஞ்ச புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வாசிச்சு உலகத்துக்கே இலவசமா கொடுக்குறாங்க. பார்வையற்றவங்களுக்கு வாசிக்கிற பழைய வேலையும் நின்னுடல. நம்ம நாட்டுல 2012ல காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு புத்தகத்தை ஒலி வடிவமா மாத்த ஆசிரியர்கிட்ட தனி அனுமதி வாங்க வேண்டாம்னு ஆக்கினாங்க. இதே நோக்கத்தோட வந்த மராகேஷ் உடன்படிக்கையை 2014ல உலகத்துலேயே முதல்ல உறுதி செஞ்ச நாடு இந்தியாதான். இது நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? 2016ல சுகம்யா புஸ்தகாலயான்னு இணைய நூலகமும் வந்துச்சு. சட்டம் வழிவிட்டாச்சு, தமிழ்ல வாசிச்சுக் கொடுக்க ஆளுங்கதான் வேணும், கல்லூரிப் பாடப் புத்தகத்துக்கு ரொம்பவே வேணும்.

கம்ப்யூட்டரே வாசிச்சுடுமே, இனி மனுஷன் எதுக்குன்னு கேப்பீங்க. 2023 ஜனவரியில ஆப்பிள் கணினிக் குரல்ல ஆடியோபுக் வெளியிட ஆரம்பிச்சது, அமேசானும் அதே வருஷம் அதுல இறங்குச்சு. அதே நேரத்துல, தங்களோட பதிவுகளை வச்சு இயந்திரத்துக்குக் குரல் பயிற்சி கொடுக்க ஒப்பந்தத்துலயே ஒரு வரி இருக்குன்னு வாசிப்பாளர்களுக்குத் தெரியவந்து, பெரிய எதிர்ப்பு கிளம்பி, அந்தப் பயன்பாடு நிறுத்தப்பட்டுச்சு. என் நிலைப்பாடு இதுதான். நாளைக்குப் பரீட்சை, இன்னைக்கு ராத்திரிக்குள்ள ஒரு பார்வையற்ற மாணவி எண்பது பக்கம் படிச்சாகணும்னா கணினிக் குரல் ஒரு வரம், அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. ஆனா ஒருத்தரோட குரலை அவரைக் கேக்காம, காசு கொடுக்காம எடுத்துப் பயன்படுத்துறது திருட்டு. நாவலைப் பொறுத்தவரைக்கும், வாக்கியத்துக்குப் பின்னாடி சொல்லாம விட்டது என்னன்னு புரிஞ்ச ஒருத்தர் வாசிச்சாத்தான் அது எனக்கு நாவலா வந்து சேருது.

இனிமே ஆடியோபுக் வாங்குறதுக்கு முன்னாடி சாம்பிள் கேக்கும்போது முதல் நிமிஷத்தோட நிறுத்தாதீங்க. ஆரம்பம் எல்லாரும் நல்லாத்தான் வாசிப்பாங்க. ரெண்டு பேரு பேசிக்கிற ஒரு இடம் வர்ற வரைக்கும் ஓட விடுங்க, "என்றான்", "என்றாள்" வர்றதுக்கு முன்னாடியே பேசுறது யாருன்னு தெரியுதா, நீளமான வாக்கியம் வந்தா கடைசி வரைக்கும் அர்த்தம் கையில நிக்குதான்னு பாருங்க. பிடிச்சிருந்தா அட்டையில எழுத்தாளர் பேருக்குக் கீழ இருக்குற இன்னொரு பேரையும் பார்த்து வச்சுக்கிட்டு, அந்தப் பேர்ல தேடுங்க, நான் இப்போ பாதி புத்தகங்களை அப்படித்தான் கண்டுபிடிக்கிறேன்.

வாசிச்சுப் பார்க்கணும்னு ஆசை வந்தவங்க உடனே மைக் வாங்க வேணாம். ஏற்கனவே படிச்ச ஒரு சிறுகதையை எடுத்து, தினமும் அரை மணி நேரம் வாய்விட்டு வாசிங்க, ஃபோன்ல பதிவு பண்ணி மறுநாள் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேளுங்க, எங்க வேகம் கூடுது, எங்க வாக்கியத்தோட வால் காணாம போகுது, எந்த வார்த்தையை வாய் தானா மாத்திச் சொல்லுதுன்னு குறிச்சுக்கோங்க. கொஞ்சம் பழகினதும் லிப்ரிவாக்ஸ்ல சேரலாம், முதல்ல ஒரு நிமிஷம் சோதனைப் பதிவு கேப்பாங்க, அதைக் கேட்டுட்டு சத்தம் கம்மியா இருக்கு, இரைச்சல் இருக்குன்னு பொறுமையா திருத்திக் கொடுப்பாங்க. அங்க அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை முடிஞ்ச புத்தகமா இருக்கணும், பாரதியார் உயிரோட இருந்தப்போ அச்சுல வந்த உரைநடைகளுக்கு அந்தத் தடை இல்ல.